பெயரை மட்டும் எடுத்த உரை

ஒய்பியின் சேவை மையத்துக்குப் புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. நான் இருந்தபோது நான் ஒருவன்தான், எடுபிடிக்கும் எழுத்துக்கும். எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. நாம் ஒய்பி என்று கூப்பிடுகிற ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பின்னால் பல ஆண்டுகள் ஓடிவிட்டு, போதும் என்று ஒருநாள் வெளியே வந்தேன். கேக் வெட்டினார்கள். ஓய்வெடுங்கள் என்றார்கள். ஓய்வு என்னிடம் வரவில்லை. விடிந்ததும் கால்கள் தாமாகவே கடற்சுவர்ப் பக்கம் போகின்றன. நடக்கிறேன், திரும்புகிறேன், மறுபடி நடக்கிறேன். அலை வந்து கல்லில் மோதி, எதுவும் கிடைக்காமல் திரும்புவதைப் பார்க்கும்போது, நம் கவுண்டரில் வந்து நின்றுவிட்டுப் போனவர்களின் முதுகுகள் நினைவுக்கு வருகின்றன. முகங்கள் அல்ல, முதுகுகள்.

அடைத்துக்கொண்ட சாக்கடை, எரியாத தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக் கூரை, ஆதரவுக் கடிதம், இவற்றையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுவீர்கள். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வருவது ஒரே ஒரு உரையைப் பற்றி. நாடாளுமன்றக் குறிப்பில் அது அச்சாகி இருக்கிறது. உரை எழுதப் பழகும்போது நீங்கள் அதைத் தேடி எடுப்பீர்கள். படித்துவிட்டு, அட, நன்றாக இருக்கிறதே, இதைப் போலவே நாமும் எழுதலாம் என்பீர்கள். அந்தப் பயத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுகூடப் பொய். பாதியை நின்றுகொண்டுதான் எழுதினேன்.

தைப்பூசத்தன்று ஒய்பி பினாங்கில் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நிற்பார் என்பது உங்களுக்குத் தெரியும். பெயருக்கு நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர் அல்லர். முழங்கை வரை மோர் வழிய வழிய ஊற்றிக் கொடுப்பார். சனங்களும் அதை அறிவார்கள். அதனால் அங்கே ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. ஒரு கையால் குவளையை வாங்குவார்கள், மறு கையால் கடிதத்தை நீட்டுவார்கள். மலாய்ச் சொல்லால் சூராட் என்பார்கள். ஒய்பிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நான் நிற்பேன். கடிதங்களுக்கான வாளி அது. மேளமும் வெயிலும் காவடி மணிகளும் தலைக்குள் ஒன்றாய்க் கொதிக்கும். மோர் பட்டு எழுத்துக் கலங்கிய கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் மின்விசிறிக்கு அடியில் உலர்த்திப் படித்திருக்கிறேன்.

அந்த ஆண்டு ஒரு பெண் வந்தார். மோரை வாங்கினார், குடிக்கவில்லை. கடிதமும் நீட்டவில்லை. ஒய்பியின் காதருகே குனிந்தார்.

"ஒய்பி, எம்மகளுக்கு ஐ.சி. இல்ல. இங்க வெச்சுப் பேச முடியாது."

"நாளைக்குக் காலையில ஆப்பிஸுக்கு வாங்கம்மா. மகளையும் கூட்டிட்டு வாங்க."

"மகள் வேணாம். நாங்க மட்டும் வரோம்."

அவர் பெயர் மல்லிகா. மறுநாள் கணவர் குணாவோடு வந்தார். ஜார்ஜ் டவுனின் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கிறார்கள். குணா தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி, அக்கரையில் மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறைக்கு வேலைக்குப் போகிறவர். மல்லிகா கோயில் வாசலில் பூக் கட்டி விற்பவர். மகள் தர்ஷினிக்குப் பதினேழு வயது. வேகமாக ஓடுகிற பெண். மாநிலப் பள்ளி அணியில் இடம் கிடைத்து, போட்டி கடல் தாண்டிச் சரவாக்கில் என்றானபோது, காட்டுவதற்கு ஐ.சி. என்கிற அடையாள அட்டை இல்லாததால் விமானம் ஏற முடியாமல் நின்றுவிட்டவள்.

மல்லிகா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லாதபோதும்.

"பெத்தவ ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டுப் போயிட்டா அண்ணே. பதினோரு நாள் பாப்பாவா எங்க கைக்கு வந்தா. சட்டப்படிதான் தத்து எடுத்தோம், தாளெல்லாம் இருக்கு. ஆனா பெத்தவ எந்த நாட்டுக்காரின்னு தாளு இல்ல. அதனால குடியுரிமை இல்லன்னுட்டாங்க."

"பொண்ணுக்குத் தெரியுமா?" என்று ஒய்பி கேட்டார்.

குணாதான் பதில் சொன்னார். "நான் பதிவு பண்ண லேட்டாயிட்டேன், அதான் இழுக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கோம் ஒய்பி. பழிய நானே எடுத்துக்கிட்டேன். கோவம் வந்தா, 'எல்லாம் ஒன்னாலதாம்பா'ன்னு கத்துவா. கத்தட்டும்லா."

"பரீட்ச முடியட்டும்," என்றார் மல்லிகா. "நாங்களே ஒக்காந்து சொல்றோம். அதுவரைக்கும் அவளுக்குத் தெரிய வேணாம்."

இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் நிராகரிப்பு. மூன்றாவது விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. இன்னும் சில மாதங்களில் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். தாண்டினால் பிள்ளை என்று கேட்கிற வழி அடைந்துபோகும். அதற்குப் பிறகு அவள் பிறந்த ஊரிலேயே அந்நியப் பெண்ணாக நின்று, வேறு வாசலில், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரி, வேலை, கல்யாணப் பதிவு, எல்லாவற்றிலும் அந்த ஒரு தாள் குறுக்கே நிற்கும். பிரச்சினை இவ்வளவுதான்.

கடிதங்கள் எழுதினோம், பதில் இல்லை. அந்தக் கூட்டத்தொடரில் ஒய்பிக்குப் பேச நேரம் கிடைத்தது. நான் உரை எழுதினேன். முதல் வரைவு முழுக்கச் சட்டம். ஒய்பி நின்றபடியே படித்தார், திருப்பிக் கொடுத்தார்.

"மணியம், இதப் படிச்சா அமைச்சரு போன நோண்டிக்கிட்டு இருப்பாரு. நானே நோண்டுவேன். ஆளக் காட்டுங்க. ஒரு ஆளு தெரியணும்."

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரிதான். சட்டம் பேசினால் தலை நிமிராத சபை, ஒரு பெண்பிள்ளையின் காலடிச் சத்தம் கேட்டால் நிமிரும். நான் அந்தக் காலடியை எழுதினேன். காலையில் ஃபெரியின் இரும்புப் பலகையில் இறங்கும் தந்தையின் மோட்டார். கோயில் வாசலில் பூ நாரில் கீறி நிறம் மாறிய தாயின் விரல். மருத்துவமனையில் விடப்பட்டு, பதினோராம் நாளில் அவர்கள் கைக்கு வந்த குழந்தை. ஓடத் தெரிந்த அந்தக் குழந்தையை விட்டுவிட்டுச் சரவாக்குக்குப் பறந்த விமானம். மலாயில் எழுதினேன், ஆனால் மூச்சு தமிழ் மூச்சு. எழுதி முடித்ததும் எழுந்து அறைக்குள் நடந்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. பிறகு ஒரு நல்ல மனிதன் செய்வதைச் செய்தேன். பெயரை எடுத்தேன். தர்ஷினி என்றிருந்த இடத்தில் எல்லாம் 'ஒரு பெண்' என்று போட்டேன். எடுத்துவிட்டோம், பாதுகாத்துவிட்டோம் என்று நினைத்தேன். எழுத்து நன்றாக வந்துவிட்டால் அதன்மேல் சந்தேகம் வருவதில்லை. இந்த வேலையில் மிகவும் ஆபத்தான சுகம் அதுதான்.

உரை நாள். நான் கோலாலம்பூரில், நாடாளுமன்றக் கட்டடத்தில் இருந்தேன். காலையிலேயே நம் அலுவலகத்தில் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷாமினிக்கு முழு வரைவையும், தமிழில் எழுதிய நான்கு வரிகளையும் அனுப்பிவிட்டேன். ஒய்பி பேசி முடித்ததும் காணொளியை வெட்டு, மேலே இந்த நான்கு வரியைப் போடு என்று. அனுப்பினேன், மறந்தேன். பிறகு, நல்ல செய்தி சொல்கிற ஆளாக, தாழ்வாரத்தில் நின்று மல்லிகாவை அழைத்தேன்.

"பசியாறியாச்சாம்மா? இன்னிக்கு ஒங்க விஷயத்தத்தான் ஒய்பி பேசப் போறாங்க. லைவ்ல பாருங்க."

அந்தப் பக்கம் பூக்காரர்களின் இரைச்சல்.

"என்ன பேசப் போறாங்க அண்ணே?"

தமிழில் சொல்லிக் காட்டினேன். பெருமையோடுதான் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது. கடைசியில், "பேரு எங்கயும் இல்லம்மா, பயப்படாதீங்க," என்றேன்.

"அண்ணே." அவர் குரல் மாறியிருந்தது. "மாக் மண்டினுக்கு மோட்டார்ல போற அப்பா. பூக் கட்டுற அம்மா. சரவாக் போக முடியாத பொண்ணு. எங்க புளோக்ல எத்தன பேரு அண்ணே இப்படி இருக்காங்க? பேரு மட்டும் எதுக்கு இல்ல? அதையும் போட்டுருங்களேன்."

கையிலிருந்த வரைவைப் புரட்டிப் பார்த்தேன்.

"வேணாம் அண்ணே. நிறுத்துங்க. பரீட்ச முடியட்டும்னு சொன்னேன்ல?"

சபைக்குள் ஒய்பிக்கு முந்தைய உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார். ஒய்பி பேச எழும்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். குறுஞ்செய்தி பார்க்க மாட்டார். சீட்டு எழுதி, சபை ஊழியர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அதுதான் ஒரே வழி. பேனாவைத் திறந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் நிற்கவில்லை, நீங்களாவது நில்லுங்கள். அந்தச் சீட்டில் நான் எழுதியிருக்க வேண்டியது, 'அந்தப் பெண்ணின் கதை முழுதும் வேண்டாம், தாய் மறுக்கிறார்' என்பது. எழுத எட்டு நொடி ஆகியிருக்காது. ஆனால் தலைக்குள் வேறு கணக்கு ஓடியது. இன்னும் சில மாதம்தான். மறுபடி எப்போது நேரம் கிடைக்கும்? கதை இல்லாமல் வெறும் சட்டத்தைப் பேசினால் யார் கேட்பார்கள்? இது அவள் நல்லதுக்குத்தானே? அடியில் இன்னொரு குரலும் இருந்தது, இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை: என் உரை, என் நல்ல உரை. இரண்டு குரலும் ஒரே மூச்சில் பேசின. எது எது என்று பிரிக்க முடியவில்லை.

"செப்பாட்லா, என்சிக்," என்று சபை ஊழியர் கையை நீட்டி அவசரப்படுத்தினார்.

'விளையாட்டுப் பகுதியை விட்டுவிடவும்' என்று எழுதிக் கொடுத்தேன். ஓட்டப்பந்தயத்தை எடுத்தால் அடையாளம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி மட்டும் கேட்டேன். முழுதாய்க் கேட்டிருந்தால் ஒய்பி முழுதாய் விட்டிருப்பார். அவர் சீட்டைப் படித்து, தலையசைத்து, ஓட்டத்தைத் தாண்டி, மீதி எல்லாவற்றையும் பேசினார். மருத்துவமனை. பதினோரு நாள். வளர்ப்பு மகள். மாக் மண்டின். பூ.

சபை கேட்டது. உண்மையாகவே கேட்டது. எதிர்வரிசையிலும் ஒருவர் மேசையைத் தட்டினார். துணையமைச்சர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு வெளியே வந்தபோது ஒய்பியிடம், அந்தக் கோப்பை என் ஆட்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள், குடும்பத்தை விசாரணைக்குக் கூப்பிடுகிறோம் என்றார். இத்தனை ஆண்டும் திறக்காத கதவு, ஐந்து நிமிடப் பேச்சில் அசைந்தது. நீங்கள் அந்த உரையைப் படித்தால் அது தோற்ற உரை என்று உங்களுக்குத் தெரியாது. தோற்கவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தீராத இம்சை.

மதியம் ஷாமினி அழைத்தாள். குதூகலமான குரல்.

"அண்ணே, வீடியோ பறக்குது அண்ணே! பினாங்கு குரூப் எல்லாத்துலயும் ஓடுது."

ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு கணத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"மேல என்ன போட்டே?"

"நீங்க அனுப்புன நாலு வரிதான்."

"சரவாக் வரி?"

"அதான் அண்ணே மேட்டரே. அதப் படிச்சுட்டுத்தான் எல்லாரும் அழுவுறாங்க."

"எடுத்துரு. இப்பவே எடு."

"ஏன் லா அண்ணே? என்னாச்சு?"

எடுத்தாள். காற்றில் விட்டதை எங்கே போய் எடுப்பது? அடுக்குமாடிக் குழுவில் யாரோ அதை ஏற்கெனவே போட்டு, கீழே, 'நம்ம மல்லிகாக்கா மாதிரி இருக்கே?' என்று கேட்டிருந்தார்கள். கேள்விக்குறியோடுதான். மரியாதையாகத்தான்.

மாலையில் மல்லிகா அழைத்தார். அழவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"டிரெயினிங்ல யாரோ காட்டியிருக்காங்க. வீட்டுக்கு வந்தா. ஷூவக் கழட்டல அண்ணே, சமையக்கட்டு வரைக்கும் ஷூவோட வந்தா. போன நீட்டி, 'யாரும்மா இந்தப் பொண்ணு?'ன்னு கேட்டா. நான் ஒண்ணுமே சொல்லல. சொல்லாம நின்னதே சொன்ன மாதிரி ஆயிருச்சு."

"அம்மா, நான்..."

"வெச்சுடுறேன் அண்ணே. அவ கதவச் சாத்திக்கிட்டா."

ஒய்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தொலைபேசியில் மல்லிகா வேண்டாம் என்றதையும், சீட்டில் நான் பாதி மட்டும் எழுதியதையும். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர், "நானும்தானே படிச்சேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும்ல? நான் ஏன் கேக்கல?" என்றார். பிறகு நிமிர்ந்து, "வியாழக்கிழம விசாரண. மூணு பேரும் வரணும்னு சொல்லியிருக்காங்க. எப்படியாவது அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்துருங்க மணியம்," என்றார்.

எப்படியாவது. அந்தச் சொல்லை யாராவது உங்களிடம் சொன்னால், சொல்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உடனே கிளம்பிவிடாதீர்கள். எங்கள் தப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்ளிருந்துதான் வந்தது.

விசாரணைத் தேதியை அன்றிரவே மல்லிகாவுக்குச் செய்தியில் அனுப்பிவிட்டு, மறுநாள் காலை நான் ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பி, மையத்துக்குள் நுழையும்போது, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் தர்ஷினியை அதுவரை நேரில் பார்த்ததில்லை. ஒரு பெண்ணைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறேன், அவள் முகம் எனக்குத் தெரியாது.

"அந்த ஸ்பீச் எழுதுனது நீங்களா அங்கிள்?"

"ஆமாம்மா."

"நாடாளுமன்றத்துக்கே சொன்னீங்க. ஃபேஸ்புக்ல சொன்னீங்க. எனக்கு மட்டும் யாரும் சொல்லல."

மன்னிப்புக் கேட்டேன். அது எவ்வளவு சின்னச் சொல் என்று, வாயிலிருந்து வந்து அவளுக்கும் எனக்கும் நடுவே விழுந்தபோதுதான் தெரிந்தது.

"வீடியோவ எடுத்துட்டீங்க. நாடாளுமன்றத்துலருந்தும் எடுப்பீங்களா?"

"அங்க பேசுனது அச்சாகிரும்மா. எடுக்க முடியாது."

"அப்ப அது எப்பவும் இருக்கும்."

"இருக்கும்."

வேறு ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இது நல்லதுக்கு, ஒரு நாள் புரிந்துகொள்வாய், உன்னைப்போல எத்தனை பிள்ளைகள், இப்படி நமக்குத்தான் வரிசையாக வருமே. ஒன்றையும் சொல்லவில்லை. இரண்டு நாளில் நான் செய்த முதல் சரியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "வியாழக்கிழம போகணும்னு அம்மா சொன்னாங்க. நான் போகல. பொய் சொன்னவங்களோட போயி ஒண்ணா ஒக்காந்து, நாங்க குடும்பம்னு சொல்ல மாட்டேன். ஐ.சி. வேணாம் எனக்கு."

எனக்கு வயது வரம்பு ஞாபகம் வந்தது. நாக்கு மறுபடி அரித்தது. அதற்குள் அவளே கேட்டாள்.

"என் ஃபைல் எங்க இருக்கு? நான் பாக்கணும்."

நியாயமாகப் பார்த்தால் அது பெற்றோர் கொடுத்த கோப்பு. அவளிடம் காட்டச் சட்டென்று கை போனது. அந்தக் கையை நிறுத்தி, முதலில் குணாவை அழைத்தேன். பட்டறையின் இரும்புச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கேட்டேன். அவரும் கத்தித்தான் பதில் சொன்னார்.

"இனிமே மறைக்க என்னாண்ணே இருக்கு? குடுத்துருங்க. எல்லாத்தையும் குடுத்துருங்க."

கோப்பை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றேன். உள்ளே தாள் புரளும் சத்தம் மட்டும். வெளியே மழை வரப்போகிற வெளிச்சம். எதிர்க்கடையில் தகரக் கதவு ஏறிற்று. நான் உள்ளே பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தேன்.

வெகுநேரம் கழித்து அவள் கூப்பிட்டாள்.

"அங்கிள், ரெண்டு தடவ ரிஜெக்ட் ஆயிருக்கா?"

"ஆமாம்மா."

"இதையும் சொல்லல." அடுத்த தாளைத் தூக்கிக் காட்டினாள். "இது யார் எழுதுனது?"

குணா தன் கையால் மலாயில் எழுதிய கடிதம். மூன்றாவது விண்ணப்பத்தோடு இணைத்தது. குடியுரிமை கேட்பதற்கான காரணங்கள் என்ற தலைப்பின் கீழ், பிறந்த இடம், படிக்கும் பள்ளி என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தவர், கடைசிக் காரணமாக, 'என் மகள் மிகவும் வேகமாக ஓடுவாள்' என்று எழுதியிருந்தார்.

"ஒங்க அப்பா எழுதுனது."

அவள் சிரித்துவிட்டாள். அடக்க முடியாத, கோபம் கலந்த ஒரு சிரிப்பு. "இதெல்லாமா காரணமா எழுதுவாங்க? லூசு அப்பா." சிரித்துக்கொண்டே முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தாள். கோப்பை மூடி, தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்து வைத்தாள். ஓடுகிறவர்களுக்கே உரிய அந்த ஆழமான மூச்சை இழுத்து விட்டாள்.

"வியாழக்கிழம எத்தன மணிக்கு?"

சொன்னேன்.

"நான் அவங்ககூடப் போறேன். சமாதானம் ஆயிட்டேன்னு நெனைக்காதீங்க. நீங்க வரக் கூடாது. ஒய்பியும் வரக் கூடாது. என்னப் பத்தி நானே பேசிக்கிறேன்."

"சரிம்மா."

ஒய்பியிடம் சொன்னபோது முகம் சுருங்கியது. கூட ஒருவர் போனால் அதிகாரிகள் கொஞ்சம் பணிந்து பேசுவார்கள், இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு வாசலில் விடுவதா என்றார். அது உண்மைதான். நான், "அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிருச்சு ஒய்பி," என்றேன். மறுபடியும் வாதாடினார். மறுபடியும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அத்தனை ஆண்டு வேலையில் அவரிடம் ஒரே வாக்கியத்தை நான் இரண்டு முறை சொன்னது அதுதான் முதல்தடவை. வியாழக்கிழமை முழுவதும் அலுவலகத்தில் ஒன்றும் ஓடவில்லை. ஒருவர் சாக்கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், என் காதில் விழவில்லை. உள்ளே என்ன கேட்டார்கள், அவள் என்ன பதில் சொன்னாள், மூன்று நாற்காலியும் ஒட்டிக் கிடந்தனவா தள்ளிக் கிடந்தனவா, எதுவும் எனக்குத் தெரியாது. மல்லிகா அன்று அனுப்பியது ஒரே செய்தி: 'முடிஞ்சது அண்ணே.'

வயது வரம்புக்கு முன்னால் ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. தபாலில், அவள் பெயருக்கே. மல்லிகா அழைத்துச் சொன்னபோது ஒய்பி மேசையைத் தட்டிக் குதித்தார். குழந்தை மாதிரி. அவருக்கும் அது பெரிய பாரம் என்று அப்போதுதான் புரிந்தது. உடனே நம் வழக்கம் தலைதூக்கியது. உங்களுக்கும் வரும், பாருங்கள். புது ஐ.சி.யை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி அந்தப் பெண், பக்கத்தில் ஒய்பி, பின்னால் பதாகை. நிருபர்கள் நான்கு பேர். நாடாளுமன்றத்தில் எழுப்பிய குரலுக்குக் கிடைத்த வெற்றி என்று ஒரு தலைப்பு.

"இதக்கூடக் காட்டலன்னா நாம என்னதான் வேல செஞ்சோம்னு சனங்க கேப்பாங்க மணியம். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்."

கேட்டேன். முதலில் அவளிடம், நேராக.

"நீங்க கேட்டீங்க பாருங்க, அதுக்குத் தேங்க்ஸ் அங்கிள்," என்றாள் தர்ஷினி தொலைபேசியில். "வேணாம்."

அட்டையை எடுத்துக்கொள்ளும் நாளில் மல்லிகா என்னை வரச் சொன்னார். மகளிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கலாம் என்று சொன்னாளாம்.

அந்தப் பக்கம்தான் நின்றேன், ஒரு மருந்துக்கடைப் பந்தலின் கீழ். வெயில் வெள்ளையாக விழுந்த காலைப் பொழுது. அலுவலக வாசலில் மல்லிகா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். குணா கொஞ்சம் தள்ளி, மோட்டார்மேல் சாய்ந்து, தலைக்கவசத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். தர்ஷினி தனியாக உள்ளே போயிருந்தாள்.

வெளியே வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். கையில் அட்டையைப் பொத்தி வைத்திருந்தாள். தாய்க்கு இரண்டடி முன்னால் நின்றாள். கட்டிக்கொள்ளவில்லை. ஏதோ பேசத் தொடங்கினாள். சின்னப் பேச்சல்ல, நீளமாகப் பேசினாள், நடுவில் ஒருமுறை நிறுத்தி மறுபடி பேசினாள். மல்லிகா குறுக்கிடவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார். குணா தலைக்கவசத்தைக் கீழே வைத்துவிட்டு மெல்ல அருகில் போனார்.

என் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஒய்பி. 'படம்?' என்று ஒரே சொல். 'இல்லை' என்று அனுப்பினேன்.

நிமிர்ந்தபோது அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். வாகனங்களின் இரைச்சலில் ஒரு சொல்கூட இந்தப் பக்கம் வரவில்லை. பழைய பழக்கத்தில் என் மனம் வேலையைத் தொடங்கிவிட்டது. உதட்டசைவை வைத்து, தாயின் முகத்தை வைத்து, அவள் சொல்வதை நானே எழுதத் தொடங்கிவிட்டது. முதல் வரி வந்துவிட்டது, நல்ல வரி. இரண்டாவது வரி வருவதற்குள் சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தேன்.